பத்து கிலோமீட்டர் வட்டம்

நொபுயோவின் அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு மாடு. கறுப்புப் பசு. வயலை உழுதது, மலையிலிருந்து விறகு இழுத்தது, எரு கொடுத்தது, வருஷத்துக்கு ஒரு கன்றும் போட்டது. மியாசாகி மலைப்பக்கத்துக் கிராமமான ஹிராசோனோவில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான். அடுப்படிக்கும் தொழுவத்துக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும் இருக்கும். மாடு இருமினால் சோறு தின்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

1964இல் அப்பா பவர் டில்லர் வாங்கினார். அதே வாரம் மாட்டைத் தரகரிடம் விற்றுவிட்டார். பதின்மூன்று வயது நொபுயோ அதற்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சேற்றில் மாட்டின் மூக்குக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்து கால் வெடித்தவள் அவள்தான். டில்லரின் கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கத்தான் துடித்தாள்.

"இதுக்குப் புல்லு அறுக்க வேண்டாம். மழைக்காலம் பூரா சும்மா நின்னாலும் வாயைத் தொறந்து எதுவும் கேக்காது," என்றார் அப்பா.

"எரு போடுமாப்பா?"

"வாயாடிக் கழுதை. போய்த் தண்ணி கொண்டா."

இருபத்திரண்டு வயதில் அவளை மூன்று கிலோமீட்டர் தள்ளி, கென்சாகுவின் வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே மூன்று பசுக்கள் நின்றன. உழவு இல்லாத வீட்டில் மாடு எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. மாமனார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "இனிமே மாட்டுக்குத் தோள்ல வேலை இல்லம்மா. வயித்துலதான் வேலை." கன்றை ஒன்பது மாதம் வளர்த்து ஏலச்சந்தையில் விடுவது, எங்கிருந்தோ வருகிறவர்கள் வாங்கிப் போய்க் கொழுக்க வைப்பார்கள், பிறகு அது வேறொரு ஊரின் பெயரில் இறைச்சியாகும். கென்சாகு கட்டட வேலைக்கு லாரி ஓட்டினான். ஆகவே மாடுகள் நொபுயோவின் தலையில் விழுந்தன.

அவளுக்கு நீளமான, ஒல்லியான கைகள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைக் குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஆனால் கன்று குறுக்கே திரும்பி ஈன முடியாமல் மாடு தவிக்கும்போது அந்தக் கைதான் உள்ளே போய்க் காலைத் தேடிப் பிடிக்கும். சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் ஈற்று சிக்கலானாலும் கால்நடை மருத்துவருக்கும் அவளுக்கும் ஒரே நேரத்தில் போன் போட்டார்கள். பாதி நாள் அவள்தான் முதலில் போய்ச் சேர்ந்தாள். மூன்று மாடு ஆறானது, பத்தானது. மகன் ரியோஜி படித்து ஒசாகாவில் வேலைக்குப் போன வருஷம் பதினான்கு தாய்மாடுகள் இருந்தன. ஒன்றின் முகத்தைக்கூட இன்னொன்றோடு குழப்பிக்கொள்ள மாட்டாள். வெளியூருக்கு ஒரு ராத்திரி தங்கப் போனது கிடையாது. ரியோஜியின் கல்யாணத்துக்குக்கூட ஒசாகாவுக்குக் காலையில் விமானத்தில் போய், விருந்து முடியுமுன்னே கிளம்பி வந்துவிட்டாள்.

2010 ஏப்ரலில் இரண்டு மலை தள்ளி ஒரு பண்ணையில் கோமாரி, வாயிலும் குளம்பிலும் புண் வைக்கும் நோய், என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். நொபுயோவுக்கு ஐம்பத்தொன்பது வயது. பிறந்ததிலிருந்து மாட்டோடு கிடந்தவள், அந்த நோயைக் கண்ணால் பார்த்ததில்லை. அவள் அப்பாவும் பார்த்ததில்லை.

ஏலச்சந்தையை மூடினார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா நின்றது. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. கென்சாகு லாரி வேலையை விட்டுவிட்டு, தினமும் காலையில் வாசல் வழியிலும் தொழுவத்தைச் சுற்றியும் சுண்ணாம்புத் தூள் தூவினான். மழை அதைக் கரைத்துவிடும், மறுபடி தூவுவான். வாசலில் பழைய கம்பளத்தை விரித்து மருந்துத் தண்ணீரில் ஊற வைத்தார்கள். தபால்காரர் கடிதங்களை வாசலுக்கு வெளியே பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார். வயதை மீறிய கன்றுகள் விற்க வழியில்லாமல் வளர்ந்துகொண்டே போயின. அடைப்புக்குள் ஒன்றையொன்று முட்டின.

மூங்கில் தோப்புக்கு அந்தப் பக்கம் இவாகிரியின் பன்றிப் பண்ணை. இவாகிரி அவளைவிட ஏழு வயது இளையவன். வாய் ஓயாதவன். ஊர்க்கூட்டத்தில் மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பித் தர மாட்டான். போக்குவரத்து நின்றுபோனதிலிருந்து தினமும் சாயங்காலம் போன் செய்தான்.

"அக்கா, உன் பொண்ணுங்க வாயெல்லாம் சுத்தமா?"

"சுத்தம். எச்சில் இல்ல, புண்ணு இல்ல. உன் பசங்க கால் எப்படி?"

"டான்ஸ் ஆடுறானுங்க. உங்க வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு, சுண்ணாம்பு தூவுறேன்னு தலையிலயும் தூவிக்கிட்டாரு. ரோட்டுலேர்ந்து பார்த்தேன், நூறு வயசுக் கிழவன் மாதிரி இருக்காரு."

"அது சுண்ணாம்பு இல்ல, முடியே அப்படித்தான்."

மே மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் அவன் போன் காலை பத்து மணிக்கே வந்தது. நொபுயோ எடுத்தாள். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

"தம்பி?"

"மூணாவது கொட்டில்ல எந்திரிக்க மாட்டேங்குதுக்கா. குளம்பு கழண்டு கிடக்கு. குட்டிங்க... பால் குடிக்கக் குடிக்கவே சாகுதுங்க."

"நான் வேலி வரைக்கும் வரட்டுமா?"

"வராதே. வந்தா உன் மாட்டுக்கு எமன் நான்தான். அங்கேயே இரு."

நோய் கண்ட பண்ணையின் எல்லா உயிரையும் உடனே அழித்துப் புதைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அதற்குள் அவ்வளவு பண்ணைகளுக்குப் பரவியிருந்தது. கொல்லும் ஊசி போட ஆள் போதவில்லை. புதைக்க இடம் போதவில்லை. தோண்டினால் தண்ணீர் ஊறுகிற மண்ணில் புதைக்கக் கூடாது. இவாகிரி பதினைந்து நாள் காத்திருந்தான். சாகப்போகிற பன்றிகளுக்குத் தினமும் தீவனம் போட்டான். காற்று தெற்கிலிருந்து அடித்தால் பன்றிகளின் கத்தல் நொபுயோவின் அடுப்படி வரை வந்தது. அவள் ஜன்னலைச் சாத்தினாள். பிறகு, சாத்தியது தப்பு என்று தோன்றித் திறந்து வைத்தாள். போன் செய்வது இப்போது அவள் முறை. பேச எதுவும் இருக்காது. "சாப்பிட்டியா?" என்பாள். "ம்" என்பான். அவ்வளவுதான்.

அந்தக் கத்தல் நின்ற மறுநாள், டவுன் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். வெள்ளை உடுப்பு, முகமூடி. வாசலுக்கு வெளியே நின்றபடியே பேசினார். குரலை வைத்து, ஓடைக்கு அக்கரை வீட்டு மொரியாமா என்று நொபுயோ கண்டுகொண்டாள். அவர் அண்ணன் வீட்டிலும் மாடு உண்டு.

"நோய் வந்த இடத்தைச் சுத்திப் பத்து கிலோமீட்டர் வட்டம். அதுக்குள்ள இருக்கிற எல்லா மாட்டுக்கும் பன்றிக்கும் தடுப்பூசி போடணும்னு முடிவாயிருக்கு," என்றார் மொரியாமா.

"ஊசி போட்டா வராதுல்ல. போடுங்க," என்றான் கென்சாகு.

மொரியாமா கீழே பார்த்தார். "போட்டுட்டு... அப்புறம் எல்லாத்தையும் அழிக்கணும்."

"என்ன சொல்றே?"

"ஊசி பரவுறதைத் தள்ளித்தான் போடும். எங்களுக்கு ஆள் இல்ல, குழி இல்ல. முதல்ல நோய் வந்ததை முடிச்சுட்டு இங்க வர்ற வரைக்கும் தாங்கணும், அதுக்குத்தான். ஊசி போட்ட மாட்டை உயிரோட வெச்சிருந்தா, நோய் ஒழிஞ்சுதுன்னு யாரும் ஒத்துக்க மாட்டாங்களாம்."

"எங்க மாட்டுக்கு ஒண்ணும் இல்லடா! வந்து வாயைத் தொறந்து பாரு!"

"தெரியும் அண்ணே."

"தெரிஞ்சுக்கிட்டு எப்படிடா வாசல்ல வந்து நிக்கிறே?"

நஷ்ட ஈடு உண்டு என்று ஏதோ ஆரம்பித்த மொரியாமா, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஒப்புதல் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடிதப் பெட்டியில் வைத்தார். கிளம்பும்போது குனிந்து வணங்கினார். குனிந்தவர் நிமிர நேரமானது.

தாள் மூன்று நாள் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் முத்திரையை வைக்க மாட்டேன் என்றான் கென்சாகு. நொபுயோ இவாகிரிக்குப் போன் செய்தாள். அவன் இப்போது பன்றி இல்லாத வீட்டில் இருந்தான்.

"நீ என்ன சொல்றே தம்பி?"

"என்னைக் கேக்காதே அக்கா. போடுன்னு சொன்னா என்னால போச்சுன்னு இருக்கும். போடாதேன்னு சொன்னா அடுத்த மலைக்காரன் போயிடுவான்." கொஞ்சம் பொறுத்து, "பதினஞ்சு நாள் நான் கேட்டதை நீ கேக்க வேண்டாம். அது மட்டும்தான் சொல்லுவேன்," என்றான்.

கென்சாகு சுண்ணாம்பு தூவப் போயிருந்த நேரத்தில் அவள் அலமாரியிலிருந்து அவன் முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் தொட்டு, தாளில் அழுத்தினாள். கோணலாக விழுந்தது. அவன் வந்து பார்த்தான். குளிக்கப் போனான்.

ஊசி போட்டார்கள். போட்ட மாட்டின் முதுகில் அடையாளத்துக்கு நீல வண்ணம் அடித்தார்கள். அதன் பிறகு ஒரு மாதம் யாரும் வரவில்லை.

அந்த ஒரு மாதம் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தீவனம் போட்டாள். சாணி வழித்தாள். வைக்கோல் மாற்றினாள். வயலில் புல் அறுப்புக்கு வந்திருந்தது. அறுத்துக் காயவைத்துச் சுருட்டிக் கட்டினால் குளிர்காலம் முழுக்கத் தாங்கும். ஒரு காலை அவள் இயந்திரத்தை எடுத்து வெளியே விட்டாள்.

"யாருக்கு?" என்று கேட்டான் கென்சாகு.

"முத்திப் போகுதே."

"யாருக்குன்னு கேட்டேன்."

"முத்திப் போகுதுன்னு சொன்னேன்." அவள் இயந்திரத்தைக் கிளப்பினாள். இரண்டு வரிசை அறுத்தாள். நடுவில் நிறுத்திவிட்டு அப்படியே இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். கென்சாகு வந்து அவளை இறக்கிவிட்டு, மீதியை அறுத்து முடித்தான்.

மிசாவோ என்ற பசு நிறை சினையாக இருந்தது. ஜூன் பத்தாம் தேதி மதியம் ஈன்றது. கை வைக்கவே வேண்டியிருக்கவில்லை. கிடேரிக்கன்று. ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்றது. சீம்பால் குடித்தது. மிசாவோ அதை நக்கி நக்கி ஈரம் போக்கினாள். நல்ல முதுகு, நல்ல கால்கள். வேறொரு வருஷமாக இருந்தால் விற்காமல் தாய்மாடாக வைத்துக்கொண்டிருப்பாள். நொபுயோ மொரியாமாவுக்குப் போன் செய்து ஒன்று கூடியிருக்கிறது என்று சொல்ல எண்களை அழுத்தினாள். கடைசி எண்ணுக்கு முன் வைத்துவிட்டாள்.

"இதுக்கு ஊசி போடல. முதுகுல வண்ணம் இல்ல. காதுல வில்லை இல்ல. கணக்குலயே இல்லாத ஜீவன்," என்றான் கென்சாகு.

"அதனால?"

"அதனால ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்."

ஜூன் இருபத்திரண்டாம் தேதி என்று தகவல் வந்தது. அன்று விடிந்ததும் அவள் தொழுவத்துக்குப் போனபோது மிசாவோ அடைப்பைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். கன்று இல்லை. நொபுயோ வீட்டுக்குத் திரும்பினாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு வெளியே கென்சாகு தரையில் உட்கார்ந்திருந்தான். உள்ளே பழைய போர்வைகள் விரித்து, கன்றைப் படுக்க வைத்திருந்தான்.

"ஒண்ணே ஒண்ணு. அவங்க போற வரைக்கும். பால்புட்டி கலக்கி வெச்சிருக்கேன்," என்றான். அறுபத்திரண்டு வயது மனுஷன், பொம்மையை ஒளித்துவைத்த குழந்தை மாதிரி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எட்டு மணிக்கு மூன்று வண்டிகள் வந்தன. மழை தூறியது. வெள்ளை உடுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. வயலில் பொக்லைன் முதல் நாளே குழி வெட்டி முடித்திருந்தது. சுற்றி நீலத் தார்ப்பாய் கட்டினார்கள். மருத்துவர்களில் ஒருத்தி சின்னப் பெண். ஹொக்கைடோவிலிருந்து உதவிக்கு வந்தவள், பெயர் குசானோ.

"அம்மா, நீங்க வீட்டுக்குள்ள இருங்க. பார்க்க வேண்டாம்," என்றாள்.

"அதுங்க உங்களோட நடக்காது டாக்டரம்மா. கயிறை நான்தான் பிடிக்கணும்."

அவள் சொன்னது உண்மைதான். மாடுகள் தெரியாத ஆள் கயிற்றைத் தொட்டால் காலை ஊன்றி நின்றுவிட்டன. நொபுயோ கழுத்தைத் தட்டி "வா" என்றால் வந்தன. எப்போதும் வருவதுபோலவே, அவள் தோளை முகர்ந்துகொண்டு வந்தன. தார்ப்பாய்க்குப் பின்னால் முதலில் மயக்க ஊசி, முழங்கால் மடங்கும். பிறகு இன்னொரு ஊசி. அவள் கயிற்றை விட்டுவிட்டு அடுத்ததற்குத் திரும்புவாள். ஒன்றாவது முரண்டு பிடிக்காதா என்று நினைத்தாள். அதுவரை ஒன்றும் பிடிக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது வருஷம் அவள் பழக்கிய பழக்கம் அது.

பதினோராவதாக மிசாவோ. அவள் மட்டும் நகரவில்லை. நொபுயோ கழுத்தைத் தட்டினாள், கெஞ்சினாள், தவிடு காட்டினாள். மிசாவோ வீட்டுப் பக்கம் தலையைத் தூக்கி அடிவயிற்றிலிருந்து கத்தினாள். வீட்டுக்குள்ளிருந்து மெல்லிய குரலில் பதில் வந்தது.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். மழைத் தூறல் தார்ப்பாயில் விழும் சத்தம் கேட்டது. மிசாவோ மறுபடி கத்தினாள். மறுபடி பதில் வந்தது. குசானோ தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவர் வண்டிப் பக்கம் திரும்பி ஏதோ தேடுவதுபோல் நின்றார். கேட்டதாக யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

கென்சாகு வாசலில் வந்து நின்றான். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினான், வேண்டாம் என்பதுபோல. நொபுயோ கயிற்றை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். குளியலறைக் கதவைத் திறந்தாள். பால்புட்டி நிறைந்தபடியே இருந்தது. கன்று ஒரு மடக்குக்கூடக் குடிக்கவில்லை. நேராக அவள் மடியில் முட்டியது.

அதைத் தூக்கிக்கொண்டு மழையில் வந்தாள். "ஒண்ணு கூட இருக்கு," என்றாள். "எழுதிக்குங்க. பொறந்து பன்னெண்டு நாள். கிடேரி."

ஊருக்காகச் செய்தாள் என்று பிறகு சிலர் சொன்னார்கள். சட்டத்துக்குப் பயந்து என்றும் சொன்னார்கள். இரண்டும் இல்லை. தாய் கத்திக்கொண்டே சாக வேண்டாம் என்பது ஒன்றுதான் அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றியது. கன்றைக் கண்டதும் மிசாவோ அமைதியானாள். அதை முகர்ந்துகொண்டே நொபுயோவின் பின்னால் நடந்தாள். தார்ப்பாய்க்குப் பின்னால் குசானோ, "கன்னுக்கு முதல்ல போடட்டுமா, அம்மாவுக்கா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியல டாக்டரம்மா. எனக்குத் தெரியல," என்றாள் நொபுயோ. அன்று முழுக்க அவள் அழுதது அப்போது மட்டும்தான்.

மதியத்துக்குள் முடிந்தது. குழியை மூடி, மேலே சுண்ணாம்பு போட்டு, பலகை நட்டார்கள். மூன்று வருஷம் அந்த நிலத்தைத் தோண்டக் கூடாது என்று அதில் எழுதியிருந்தது. ரியோஜி ஒசாகாவிலிருந்து போன் செய்தான். வரட்டுமா என்றான். வந்து என்ன செய்ய என்றாள் நொபுயோ. கென்சாகு சாணி வாரியைக் கழுவி ஆணியில் மாட்டினான், பிறகு எடுத்து மறுபடி கழுவினான்.

ஆகஸ்டு கடைசியில் நோய் ஒழிந்ததாக அறிவித்தார்கள். மியாசாகியில் மாடுகளைப் பறிகொடுத்தவர்களில் பாதிக்கு மேல் மறுபடி தொடங்கினார்கள். இவாகிரி தொடங்கவில்லை. மகள் வீட்டோடு போய்விட்டான். கென்சாகு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சந்தைக்குப் போய்ப் பார்க்கலாமா என்று கேட்டான். நொபுயோ போகலாம் என்றாள். அந்தக் காலை உடுத்திக்கொண்டு வாசல் வரை வந்தவள், செருப்பு மாட்ட முடியாமல் நின்றுகொண்டே இருந்தாள். அவன் லாரிச் சாவியை உள்ளே கொண்டுபோய் வைத்தான்.

அவள் குடைமிளகாய் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தாள். பகல் ஒன்று முதல் ஆறு வரை. அந்த நீளக் கைகளுக்கு அங்கே நல்ல மதிப்பு. காய்கள் ஓடிவரும் பட்டையின் அந்தப் பக்கத்துக் காயையும் உட்கார்ந்தபடியே எடுப்பாள். கூட வேலை செய்கிறவர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அவளும் சிரித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, ஒரு நவம்பர் நண்பகலில் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கிய பெண்ணை நொபுயோவுக்குத் தெரியவில்லை. "நான் குசானோ," என்று அவள் சொன்ன பிறகு, குரலில்தான் தெரிந்தது. அவள் வாயையும் மூக்கையும் நொபுயோ அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

மருத்துவ வேலையை விட்டுவிட்டதாக அவள் சொன்னாள். ஊசியைக் கையில் எடுத்தால் குத்த முடியாமல் கீழே வைத்துவிடுகிறாளாம். இப்போது ஆய்வகத்தில் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறாளாம். "அன்னைக்கு எங்களுக்கும் சத்தம் கேட்டதும்மா. நான் மட்டும் சீக்கிரமா அடுத்த மாட்டைக் கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தா, அந்தக் கன்னு தப்பிச்சிருக்கும்... ஏன் சொல்லலன்னு தினமும் யோசிக்கிறேன்," என்றாள்.

நீ செய்தது தப்பில்லை என்று சொல்ல நொபுயோவுக்கு ஆசைதான். ஆனால் அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது. குசானோ செய்தது தப்பு என்றால் தான் செய்ததும் தப்பு. இல்லை என்றால் யாருடையது என்ற கேள்வி மிச்சமிருக்கும். அவள் குசானோவின் தோளில் கை வைத்தாள். மாட்டின் கழுத்தைத் தட்டுகிற மாதிரியே தட்டுகிறோம் என்று உணர்ந்து, கையை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் வெறும் தொழுவத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார்கள். உள்ளே கென்சாகு காலி அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான்.

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு," என்றாள் நொபுயோ கடைசியில்.

"நான் கொண்டு விடட்டுமா?"

"விடு."

பாலத்தைத் தாண்டியதும் குசானோ வழி கேட்டாள். நேராகப் போய் இடது பக்கம் என்றாள் நொபுயோ. கொட்டகை வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தப் போனவள், குனிந்து உள்ளே பார்த்தாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

குசானோ தலையாட்டினாள். சாப்பிட்டதாகவா, இல்லை என்றா, நொபுயோவுக்குத் தெரியவில்லை. உள்ளே மணி அடித்தது. அவள் மேலங்கியை மாட்டிக்கொண்டு பட்டையருகே போய் உட்கார்ந்தாள்.